வண்டின் சாட்சியம்

தென்சென்னைப் புறநகரின் தொல்வரலாறு என்று பேச்சு எடுத்தாலே எங்கள் தாம்பரத்து நண்பர்கள் பல்லாவரத்துக்குப் போய்விடுவார்கள். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே ஒரு சரளைக் குழியில் கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியப் பழங்கற்காலத்துக்கு அதுதான் முதல் சான்று. சரி, அதைச் செதுக்கியவன் (செதுக்கியவளாகவும் இருக்கலாம்) எந்த வெயிலில் காய்ந்தான், எந்த மழையில் நனைந்தான்? கல் சொல்லாது. செம்புறைச் சரளையில் பூச்சியோ இலையோ எளிதில் தங்காது; காற்றுப் புகுந்து எல்லாவற்றையும் தின்றுவிடும்.

காற்றுப் புகாத ஈரச் சேற்றில் கதை வேறு. பிரிட்டனில் ரஸ்ஸல் கூப் என்ற ஆய்வாளர் பழஞ்சேற்றைக் கழுவி மண்ணெண்ணெயில் பிசைந்து தண்ணீர் ஊற்றுவார். வண்டுகளின் சிறகு ஓடுகள் மேலே மிதந்து வரும். அவ்வளவுதான் தொழில்நுட்பம்! பனியுகங்கள் வந்துபோன காலத்தில் வண்டுகள் பெரும்பாலும் உருமாறவில்லை, இடம்மாறின என்றார் அவர். ஆகவே ஒரு வண்டு இன்று எந்தக் குளிரில் வாழ்கிறதோ அதுவே அன்றைய குளிருக்கும் அளவுகோல். இன்று திபெத் பீடபூமியில் மட்டும் வாழும் ஒரு சாணி வண்டை இங்கிலாந்துச் சேற்றில் கண்டு 1973இல் எழுதினார்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மகரந்தத்தை வைத்து எழுதிய வரலாற்றில் பனியுக முடிவின் வெப்பம் நிதானமாக ஏறியது. மரம் விதை போட்டுக் காத்திருக்க வேண்டுமே! வண்டுக்குச் சிறகு உண்டு. சில பத்தாண்டுகளிலேயே வெப்பம் தாவியிருக்கிறது என்றது வண்டு. கிரீன்லாந்துப் பனிக்கட்டியும் பின்னாளில் அதையே சொன்னது. மரத்தைக் கேட்டால் தொடர்ச்சி, வண்டைக் கேட்டால் உடைப்பு. யாரைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுகிறோம் என்பதும் வரலாற்றெழுதியலின் அரசியல்தான்.

நம்மூர்ச் சேறு ஊமையில்லை. நீலகிரியின் புல்வெளிச் சதுப்பிலிருந்த கரிமத்தைப் படித்து, ஈரமும் வறட்சியும் மாறிவந்த 20,000 ஆண்டுக் கதையை சுகுமாரும் கூட்டாளிகளும் 1993இல் வெளியிட்டார்கள். தாம்பரத்துக்குப் பக்கத்துச் சதுப்பு பள்ளிக்கரணை. அதன் தலையில்தான் பல பத்தாண்டுகளாகப் பெருங்குடிக் குப்பையைக் கொட்டினோம். 2007இல் ஒரு பகுதி காப்புக்காடானது, 2022இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. மிச்சத்தில் பட்டா நிலமும் உண்டு.

போன வருஷம் அந்தப் பக்கம் அடுக்குமாடி ஒன்றுக்கு அஸ்திவாரம் தோண்டிய கறுப்புச் சேற்றை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நின்று பார்த்தேன். "நாத்தம் புடிச்ச மண்ணு சார், ஒண்ணுத்துக்கும் ஆவாது" என்றார் டிரைவர். ரோட்டோரம் கொட்டிய குவியல் இரண்டே நாளில் காய்ந்து வெளிறிவிட்டது.