சுவரில் அடிக்கும் முதல் ஆணி

புது வீட்டில் முதல் ஆணி எதற்காக அடிக்கப்படும்? இரும்புலியூர், தாம்பரம் பக்கம் கேட்டால் பல வீடுகளில் சாமி படம் அல்லது காலண்டர் என்றுதான் பதில் வரும். இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

ஒரு காலத்தில் சுவரில் படம் மாட்டுவது வசதி உள்ளவர்களால் மட்டுமே முடிந்த காரியம். தங்க ரேக்கும் கற்களும் பதித்த தஞ்சாவூர் ஓவியத்தை எல்லோராலும் வாங்க முடியுமா? 1894-ல் ராஜா ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அவர் வரைந்த லட்சுமியும் சரஸ்வதியும் வண்ண அச்சுப் படங்களாகச் சாதாரண வீடுகளுக்கும் வந்தார்கள். கோயிலுக்குள் விடப்படாத மக்களும் வீட்டிலேயே சாமி படம் வைத்துக் கும்பிட முடிந்தது. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்ததோ 1939-ல்தான்!

அடுத்து வந்தது காலண்டர். கோவில்பட்டியில் சி. கொண்டைய ராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகின. ஜவுளிக்கடையும் மளிகைக்கடையும் அவற்றை இலவசமாகக் கொடுத்தன. கடைக்காரருக்கு அது ஒரு வருட விளம்பரம். வீட்டுக்காரருக்கோ வருடம் முடிந்தாலும் தூக்கிப்போட மனம் வராத படம். கடைப் பெயரை வெட்டிவிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

பொங்கலுக்குள் நாலைந்து காலண்டர் சேர்ந்துவிடும். எது கூடத்துக்கு, எது சமையலறைக்கு, எது பக்கத்து வீட்டுக்கு என்று வீட்டில் பேசித்தான் முடிவாகும். காசு கொடுத்து வாங்காத படம்தான். ஆனாலும் அந்தத் தேர்வு அவர்களுடையது.