மலையில் காற்று எழுமுன் செய்யவேண்டியவை

நான் பிறந்தது ஹப்புத்தளைக்குக் கீழே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். 1983 கலவரத்துக்குப் பின் எங்கள் குடும்பம் வன்னிக்கு வந்தது. அதன் பிறகு எத்தனை தடவை இடம்பெயர்ந்தோம் என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அத்தை மட்டும் தோட்டத்திலேயே தங்கிவிட்டார்.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆகஸ்ட் மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தபோது, லயத்துக்குக் கீழே மானாப்புல்லில் தீ பிடித்தது. புகையைக் கண்டதும் நான் பக்கத்திலிருந்த காய்ந்த ஓடைப் பள்ளத்துக்குள் இறங்கப் பார்த்தேன். செல் விழும்போது பங்கருக்குள் பாய்ந்து பழகிய உடம்பு. அத்தை கையைப் பிடித்து இழுத்தார். "அங்க எறங்காத, நெருப்பு ஏறி வர்ற வழியே அதுதான்" என்றார்.

அன்று அவரிடம் கற்றதையும் பின்னர் தேடி அறிந்ததையும் மலையகத்தில் வாழ்பவர்களுக்காகவும், அங்கே உறவுகள் உள்ள நம்மவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

ஒரே காற்று, இரண்டு முகம்

மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றை வடக்கில் சோளகம் என்றும் மட்டக்களப்பில் கச்சான் என்றும் சொல்கிறோம். அது கடலிலிருந்து கொண்டுவரும் ஈரத்தை ஹற்றன், நோர்வூட், மஸ்கெலியா பக்கத்துச் சரிவுகளில் மழையாகக் கொட்டிவிடுகிறது. மத்திய மலைத்தொடரைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது அதே காற்று சூடேறி, வறண்டு, வேகமெடுக்கிறது. நோர்வூட்டில் குடை பிடிக்கும் அதே நாட்களில் ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, ஹல்துமுல்ல பகுதிகளில் புல் காய்ந்து சருகாகிறது.

பைன் மரங்களின் ஊசியிலைகளில் பிசின் உண்டு. யூக்கலிப்டஸ் இலையில் எண்ணெய் உண்டு. இரண்டும் உதிர்ந்து காய்ந்து கிடக்கும் இடத்தில் ஒரு பொறி போதும். அந்தப் பொறியும் பெரும்பாலும் மனிதர் கையிலிருந்தே வருகிறது: மாட்டுக்கு இளம்புல் துளிர்க்கவேண்டும் என்று வைப்பது, வேட்டைக்கு வைப்பது, காணி துப்புரவாக்குவது, குப்பை எரிப்பது, அணைக்காமல் வீசிய சிகரெட். காட்டுக்குத் தீ வைப்பது சட்டப்படி குற்றம்.

காற்றுக் காலத்துக்கு முன்

லயத்தின் அறைகள் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் ஒரு வீட்டில் பிடித்த தீ எல்லா வீடுகளுக்கும் பரவும். ஆகவே இந்த வேலைகளை லயமாகச் சேர்ந்து செய்யவேண்டும்.

கூரைத் தகரங்களின் ஆணிகளைச் சரிபாருங்கள். தளர்ந்த தகரத்தைக் கம்பியால் வளையோடு இறுக்கிக் கட்டுங்கள். தகரத்தின் மேல் சும்மா வைத்த கல் கடுங்காற்றில் உருண்டு ஆள்மேல் விழும்.

பீலியிலும் கூரை மடிப்பிலும் சேர்ந்த சருகை அகற்றுங்கள். பறந்துவரும் தீப்பொறி முதலில் பிடிப்பது அங்கேதான். சுவரோடு அடுக்கிய விறகை 30 அடியாவது தள்ளி வையுங்கள். லயத்தைச் சுற்றி, குறிப்பாகக் கீழ்ச்சரிவுப் பக்கம், புல்லை வெட்டி அகற்றுங்கள். வெட்டியதை அங்கேயே எரிக்கவேண்டாம்.

தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பி வையுங்கள். மேலே ஊற்றிலிருந்து வரும் பிளாஸ்டிக் குழாய் தீயில் உருகிவிடும். தீ வந்த பிறகு குழாயை நம்ப முடியாது.

காற்று பலமாக வீசும் நாளில் வெளியே அடுப்பு மூட்டாதீர்கள். சமைத்து முடிந்ததும் தணலில் தண்ணீர் ஊற்றுங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் பலத்த காற்று எச்சரிக்கை விடுத்தால் கைத்தொலைபேசியை அன்றே சார்ஜ் பண்ணி வையுங்கள்.

தீ வரும்போது

தீ மலையில் மேல்நோக்கியே வேகமாக ஓடும். சரிவு 10 பாகை கூடும்போது அதன் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். மேல்நோக்கி ஓடி அதை முந்த முடியாது. புல் நிறைந்த ஒடுங்கிய பள்ளங்கள் புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். எனவே பக்கவாட்டாக விலகி, தார் வீதி, வெறுந்தரை, பச்சைத் தேயிலை மலை, அல்லது ஏற்கெனவே எரிந்து ஆறிய இடத்தை நோக்கிப் போங்கள்.

முதியவர்கள், கர்ப்பிணிகள், பிள்ளைகள் முதலில் வெளியேற வேண்டும். யார் யாரைக் கூட்டிப்போவது என்பதை முன்பே பேசி வையுங்கள். மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். பருத்தித் துணியை நனைத்து மூக்கையும் வாயையும் மூடுங்கள். நைலோன் உடை உடம்பில் உருகி ஒட்டும்.

அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. தீயணைப்புக்கு 110, அம்புலன்ஸுக்கு 1990.

தீ அணைந்த பின்

புல்லும் வேரும் எரிந்த சரிவு மழைநீரைத் தாங்காது. ஊவாவில் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பெருமழை வரும். எரிந்த சரிவுக்குக் கீழே வசிப்பவர்கள் நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று ஆகியவற்றைக் கண்டால் உடனே விலகி, கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள்.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தவில் மண் சரிந்து லயங்களை மூடியது. அது மழையால் வந்த சரிவு. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். எச்சரிக்கை கிடைத்தாலும் போவதற்கு வேறு காணியும் வீடும் வேண்டும். லயம் நிற்கும் நிலம் அதில் வாழ்பவர்களுக்குச் சொந்தமில்லை. தீத்தடுப்பு இடைவெளி வெட்டுவதற்கும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். எனவே வாயால் கேட்பதோடு நிற்காமல் எழுத்தில் கேளுங்கள். பிரதியைப் பிரதேச செயலகத்துக்கும் கொடுங்கள்.

அந்தப் பை

நம்மில் பலருக்கு அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் தொலைந்தால் என்ன பாடு என்பது தெரியும். அன்று தீ அணைந்த பிறகு அத்தையின் ஆவணங்கள் எங்கே என்று கேட்டேன். ஒன்று தலையணைக்குள், ஒன்று சாமிப் படத்துக்குப் பின்னால், ஒன்று பெட்டிக்கு அடியில். எல்லாவற்றையும் எடுத்து, வங்கிப் புத்தகம், ஊழியர் சேமலாப நிதிக் கடிதம், மருந்துத் துண்டு, ஒரு டோர்ச் லைற்றையும் சேர்த்து, தடித்த பொலித்தீன் பையில் கட்டிக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டேன்.

தீயைப் பற்றி அவர் எனக்குச் சொல்லித்தந்தார். பை கட்டுவதை நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அது இன்னும் அங்கேயே தொங்குகிறது.