சிறுநீர்ப் பாதைத் தொற்று: காரணம் அறியப்பட்ட வரலாறு

சிறுநீரகம், சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பை, சிறுநீர் வெளியேறும் புறவழி ஆகியவற்றில் எந்த இடத்திலாவது நுண்ணுயிரிகள் பெருகி நோயை உண்டாக்குவது சிறுநீர்ப் பாதைத் தொற்று எனப்படுகிறது. எரிச்சலுடன் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் போவது, போய் வந்த சிறிது நேரத்திலேயே மீண்டும் போகத் தோன்றுவது, அடிவயிற்று வலி ஆகியவை இதன் பொதுவான அறிகுறிகள். நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு என்று மக்கள் சொல்லும் தொல்லைகளில் பலவற்றுக்கு இதுவே காரணம். ஆனால் எல்லாக் கடுப்பும் தொற்று அல்ல, கல்லாலும் வரும். தொற்று சிறுநீர்ப்பையோடு நின்றால் பெரும்பாலும் எளிதில் குணமாகும். சிறுநீரகம் வரை ஏறினால் குளிர்காய்ச்சலும் இடுப்புக்கு மேலே முதுகுப்புறத்தில் வலியும் வரும். அங்கிருந்து கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இந்நோய்க்குக் காரணமான கிருமி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரிந்துவிட்டது. அக்கிருமி எவ்வழியே உள்ளே செல்கிறது, எவ்வளவு இருந்தால் நோய் என்பது, யாருக்கு அது கேடு செய்யும் என்ற கேள்விகளுக்குத்தான் நெடுங்காலம் பிடித்தது.

கிருமி அறியப்படும் முன்

கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட எகிப்தின் ஈபர்ஸ் பாப்பிரஸ் சுவடியில் சிறுநீர்த் தொல்லைகளுக்கான மருந்துகள் காணப்படுகின்றன. இடைக்கால ஐரோப்பிய மருத்துவர்கள் கண்ணாடிக் குடுவையில் சிறுநீரைப் பிடித்து, அதன் நிறத்தையும் கலங்கலையும் கொண்டு நோயைக் கணித்தனர். சித்த மருத்துவத்தில் தேரையர் பெயரில் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறித் தேர்வுகளும் சிறுநீரைக் கொண்டே நோயை அறிய முயன்றவை. நீர்க்குறியில் நிறம், மணம், நுரை, எடை, எஞ்சல் ஆகியவை பார்க்கப்பட்டன; நெய்க்குறியில் சிறுநீரின் மேல் இட்ட எண்ணெய்த் துளி பரவும் விதம் பார்க்கப்பட்டது. கலங்கிய சிறுநீர் நோயின் அடையாளம் என்பது எல்லா மரபுகளுக்கும் தெரிந்திருந்தது. ஏன் கலங்குகிறது என்பதுதான் தெரியவில்லை.

குடலிலிருந்து வந்த கிருமி

லூயி பாஸ்டர் 1860-களில் செய்த சோதனைகளில் சிறுநீரையும் பயன்படுத்தினார். கொதிக்கவைத்துத் தூசி புகாமல் காத்த சிறுநீர் கெடாமல் இருந்தது. வெளிக்காற்றின் தூசி பட்டதும் கலங்கியது. சிறுநீரைக் கெடுப்பது வெளியிலிருந்து வருகிறது என்பது இதனால் புலப்பட்டது. 1881-இல் மான்செஸ்டர் மருத்துவர் வில்லியம் ராபர்ட்ஸ், அப்போதுதான் கழித்த சிறுநீரிலேயே நுண்ணுயிரிகள் இருப்பதை விவரித்தார். 1885-இல் தியோடர் எசரிக் குழந்தைகளின் மலத்தில் ஒரு பாக்டீரியாவைக் கண்டார். பிற்காலத்தில் எசரிக்கியா கோலை (ஈ. கோலை) என்று அவர் பெயராலேயே அழைக்கப்பட்டது இதுதான். சிறுமிகளின் சிறுநீர்ப்பை அழற்சிக்கும் இதே கிருமி காரணமாவதை 1894-இல் அவரே எழுதினார்.

குடலில் தீங்கின்றி வாழும் ஒன்று, சில அங்குலம் தள்ளியிருக்கும் வேறொரு பாதைக்குள் போனால் நோயாகிறது என்பதே இதன் பொருள். இன்றும் வேறு சிக்கல் இல்லாதவர்களுக்கு வரும் சிறுநீர்ப்பைத் தொற்றுகளில் மிகப் பெரும்பான்மைக்கு ஈ. கோலையே காரணம். கிளெப்சியெல்லா, புரோட்டியஸ், என்டரோகாக்கஸ் போன்றவை எஞ்சியவற்றில் அடங்கும். இவற்றுள் புரோட்டியஸ் யூரியாவைச் சிதைத்துச் சிறுநீரைக் காரத்தன்மை உடையதாக்குவதால், தொற்றோடு கல்லும் வளர்கிறது.

ஒரு லட்சம் என்ற எண்

கிருமி தெரிந்தபின் புதிய குழப்பம் ஒன்று எழுந்தது. சிறுநீர் வெளியேறும்போது தோலில் உள்ள கிருமிகளும் அதில் கலந்துவிடும். ஆகவே ஆய்வகத்தில் கிருமி வளர்ந்தாலும் அது நோயா, வழியில் ஒட்டிய அழுக்கா என்று சொல்ல முடியவில்லை. இதைத் தவிர்க்க மருத்துவர்கள் வடிகுழாய் (கதீட்டர்) செலுத்திச் சிறுநீரை எடுத்தனர். சோதனைக்காகச் செலுத்திய குழாயே சிலருக்குத் தொற்றைக் கொண்டு சேர்த்தது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையில் பணியாற்றிய எட்வர்ட் காஸ், 1950-களில் கிருமிகளை எண்ணத் தொடங்கினார். சிறுநீரகத் தொற்று உறுதியான நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 1,00,000 அல்லது அதற்கு மேல் பாக்டீரியா இருந்தது. வெறுமனே ஒட்டி வந்த கிருமிகளின் எண்ணிக்கையோ மிகக் குறைவு. இந்த எல்லைக்கோடு கிடைத்தபின், நோயாளி தானாகக் கழிக்கும் சிறுநீரின் இடைப்பகுதியைப் பிடித்தாலே சோதனைக்குப் போதும் என்றாயிற்று. இன்று ஆய்வகத்தில் முதலில் கொஞ்சம் விட்டுவிட்டுப் பிடிக்கச் சொல்வது இதனால்தான். மாதிரியைத் தாமதமின்றிக் கொடுக்கச் சொல்வதும் எண்ணிக்கையைக் காக்கவே. சாதகமான வெப்பத்தில் ஈ. கோலை சுமார் 20 நிமிடங்களில் இரட்டிப்பாகும். வெயில் காலத்தில் மேசை மேல் கிடந்த புட்டியில் இல்லாத நோய் தோன்றிவிடும்.

காஸ் இந்த எண்ணைக் கர்ப்பிணிகளிடம் சோதித்தபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. எந்த அறிகுறியும் இல்லாத கர்ப்பிணிகளில் சுமார் 6 சதவீதத்தினருக்கு எல்லையைத் தாண்டிய அளவில் கிருமி இருந்தது. அவர்களில் வெற்று மாத்திரை பெற்றவர்களில் சுமார் 40 சதவீதத்தினருக்குப் பின்னர் சிறுநீரகத் தொற்று வந்தது. மருந்தால் கிருமி நீங்கியவர்களுக்கு அது ஏறக்குறைய வரவே இல்லை. கர்ப்ப காலத்தில் சிறுநீர்க்குழாய்கள் விரிந்து நீரோட்டம் மந்தமாவதால் கிருமி மேலேறுவது எளிதாகிறது. கர்ப்பிணிகளுக்கு வலியோ எரிச்சலோ இல்லாவிட்டாலும் சிறுநீர்ச் சோதனை செய்யும் வழக்கத்துக்கு இந்த ஆய்வே முக்கிய அடிப்படை. கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கும் முதியோருக்கும் அறிகுறியற்ற கிருமி பொதுவாக மருந்து வேண்டாதது. இந்த வேறுபாட்டை மறந்து, சோதனைத் தாளில் எண்ணைப் பார்த்ததுமே மருந்து எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை.

அந்த எண்ணும் மாறாததாக நிலைக்கவில்லை. 1982-இல் வால்டர் ஸ்டாம் குழுவினர், எரிச்சலோடு வரும் இளம்பெண்களை ஆராய்ந்தனர். அவர்களுள் சிறுநீர்ப்பையில் உண்மையிலேயே கிருமி இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரை ஒரு லட்சம் என்ற அளவுகோல் தவறவிட்டது. அறிகுறி இருக்கும்போது மில்லிலிட்டருக்கு 100 கிருமியே பொருளுடையது என்று அவர்கள் காட்டினர். எண்ணிக்கை குறைவு என்பதால் நோயே இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்களின் வலிக்கு அப்போதுதான் சான்று கிடைத்தது.

ஆபத்து யாருக்கு

பெண்களின் புறவழி சுமார் 4 செ.மீ. நீளமே உடையது, ஆண்களுக்கு அது சுமார் 20 செ.மீ. பெண்களுக்கு இந்நோய் மிகுதியாக வருவதன் முதற்காரணம் இந்த உடலமைப்பே. ஆயினும் பல தலைமுறைகளாக அது அவர்களின் தூய்மைக் குறைவாகவே பேசப்பட்டது. 1990-களில் நடந்த ஆய்வுகள் உடலுறவையும் விந்துக்கொல்லிக் கருத்தடைப் பொருள்களையும் வலுவான ஆபத்துக் காரணிகளாகக் கண்டன. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவது, நீரிழிவு, கல், புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் தேங்குவது ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. தண்ணீரின் பங்கை 2018-இல் வெளியான ஒரு ஆய்வு அளந்து காட்டியது. குறைவாக நீர் குடித்து, அடிக்கடி தொற்றுக்கு ஆளான பெண்கள் நாளுக்கு 1.5 லிட்டர் கூடுதலாகக் குடித்தனர். ஓராண்டில் அவர்களுக்கு வந்த தொற்று சராசரி 1.7 முறை, வழக்கம்போல் குடித்தவர்களுக்கு 3.2 முறை.

மருத்துவமனையில் வரும் தொற்றுக்குக் காரணம் வேறு. 1958-இல் பால் பீசன், வடிகுழாய்க்கு எதிராகவே ஒரு தலையங்கம் எழுதினார். குழாயின் மறுமுனை திறந்த புட்டியில் கிடந்த அக்காலத்தில், சில நாள்களிலேயே அநேகமாக ஒவ்வொரு நோயாளியின் சிறுநீரிலும் கிருமி புகுந்துவிடும். 1966-இல் கால்வின் குனினும் மெக்கார்மக்கும் மூடிய வடிகால் அமைப்பு இதை வெகுவாகத் தள்ளிப்போடுவதைக் காட்டினர். கட்டிலோரம் தொங்கும் இன்றைய மூடிய பை அந்த முறையின் தொடர்ச்சி.

மருந்துக்கு அடங்காத கிருமி

2008-இல், புது தில்லியில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒருவரின் சிறுநீரில், கார்பபெனெம் வகை மருந்துகளுக்கும் அடங்காத கிளெப்சியெல்லா கிடைத்தது. அதற்குக் காரணமான நொதி என்.டி.எம்-1 எனப் பெயர் பெற்றது. 2010-இல் லான்செட் தொற்றுநோய் இதழில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை வெளிவந்தது. இந்த நொதி கொண்ட 44 கிருமி மாதிரிகள் சென்னையிலிருந்தே கிடைத்தன என்றது அது. நகரத்தின் பெயரை நொதிக்குச் சூட்டியது பற்றி இந்தியாவில் பெரும் சர்ச்சை எழுந்தது. கிருமி பரவியிருப்பது பற்றிய பேச்சு அதில் பின்னுக்குப் போனது வருந்தத்தக்கது.

புதிய மருந்துகள் பயனிழக்கத் தொடங்கியதும் மருத்துவர்கள் பழைய மருந்துகளை நாடினர். 1950-களின் நைட்ரோபியூரன்டாயின் மீண்டும் முதல்வரிசை மருந்தாயிற்று. 1890-களில் ஆர்தர் நிக்கோலயர் அறிமுகப்படுத்திய ஹெக்சமின், அமிலச் சிறுநீரில் பார்மால்டிஹைடாகச் சிதைந்து கிருமியைக் கொல்வது. ஆன்டிபயாட்டிக்குகள் வந்தபின் இது ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்தது. அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு, தினமும் தரும் ஆன்டிபயாட்டிக்கைவிட இது தடுப்பில் பின்தங்கியதல்ல என்று பிரிட்டனில் நடந்த ஆய்வு ஒன்று 2022-இல் தெரிவித்தது.