தொப்பூரில் தெரிந்த கூடாரங்கள்

தருமபுரிக்குத் தகடூர் என்பது பழம்பெயர். அங்கிருந்து ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற வரலாறு தமிழறிந்தவர்க்கெல்லாம் தெரிந்ததே. தன் படைப் பெருக்கைக் காட்டி மருட்ட எண்ணிய தொண்டைமான், அவரைத் தன் படைக்கலக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்றான். நெய் பூசி, மயிற்பீலி அணிவித்து, மாலையும் சூட்டப்பெற்ற வேல்கள் வரிசை வரிசையாக நின்றன. கண்டவர் மலைத்திருப்பர். ஔவையார் மலைக்கவில்லை. எம் அரசனுடைய வேல்களோ நுனி முரிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று, தாழ்த்துவது போல உயர்த்திப் பேசினார். புறநானூற்றின் 95ஆம் பாடல் இதனைக் கூறுகிறது.

இதில் இலக்கிய நயம் மட்டுமன்று, ஓர் ஆராய்ச்சி முறையும் உண்டு. தொண்டைமான் சொல்ல விரும்பியதை ஔவையார் செவியில் ஏற்கவில்லை. எதிரில் நின்ற பொருளைக் கண்ணால் படித்தார். துருவும் தழும்பும் இல்லாத வேல் களம் காணாத வேல் என்பதை எவரும் காணலாம். காணத் துணிந்தவர் அவர் ஒருவரே. போர்ச் செய்தியின் மெய்யை எவ்வாறு அறிவது என்னும் கேள்விக்கு விடை தேடுவோர் இக்கொட்டிலிலிருந்தே தொடங்கலாம்.

காலம் உருண்டது. தகடூர் நாடு பாராமகால் என்று பெயர் பெற்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் மைசூருக்கும் கும்பெனியாருக்கும் நடந்த போர்களில் இப்பகுதியின் கோட்டைகளும் கணவாய்களும் மாறி மாறிப் படைகளைக் கண்டன. 1790ஆம் ஆண்டு நவம்பர் மாத நடுவில் தொப்பூர்க் கணவாயருகே நிகழ்ந்த ஒரு சம்பவம் நம் பொருளுக்கு மிகவும் நெருக்கமானது. இன்று தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் லாரிகள் பிரேக்கை மிதித்தபடி இறங்கும் அதே கணவாய்தான்.

அவ்வாண்டில் ஜெனரல் மெடோஸ் கோவைப் பக்கத்தில் ஒரு படையோடு இருந்தார். கர்னல் மாக்ஸ்வெல் மற்றொரு படையோடு பாராமகாலுக்குள் புகுந்து காவேரிப்பட்டினத்தருகே நின்றார். இரண்டும் சேர்வதற்குள் ஒன்றைத் தாக்கிவிட வேண்டும் என்று திப்பு சுல்தான் விரைந்து வந்தார். மெடோஸும் பின்தொடர்ந்து வந்து, தொப்பூர்க் கணவாயைக் கடந்து வடபுறம் இறங்கினார். சில மைல்களுக்கு அப்பால் கொடிகளும் கூடாரங்களும் தெரிந்தன. மாக்ஸ்வெல் வந்துவிட்டார் என்று ஆங்கிலப் படையில் மகிழ்ச்சி பொங்கிற்று. அடையாளமாக மூன்று பீரங்கிகள் முழங்கின. சற்று நேரத்தில் அக்கூடாரங்கள் பிரிக்கப்பட்டன. அந்தப் படை விலகிச் சென்றது. அது மாக்ஸ்வெல்லின் படையன்று, திப்புவின் படை! மாக்ஸ்வெல்லின் படையோடு அவர்கள் சேர்ந்தது நவம்பர் 17ஆம் நாளில்தான். அடுத்து, துரத்தி வந்தவர்களுக்குப் போக்குக் காட்டிவிட்டு அதே தொப்பூர்க் கணவாய் வழியாகத் திப்பு தெற்கே இறங்கிப் போனார்.

அங்கே பொய் சொன்னவர் எவருமில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். கண் கண்டது கூடாரம். அது மாக்ஸ்வெல்லுடையது என்று சொன்னது ஆசை. போர்க்காலத்துப் பொய்ச் செய்திகளில் பெரும்பங்கு இவ்வாறே பிறக்கிறது. படம் மெய்யானது, அதன் கீழே எழுதப்படும் பெயர்தான் பொய்யாகிறது.

இதற்கு எட்டாண்டுகளுக்கு முன்னர், செய்தி ஒன்றை மறைக்க முயன்ற கதையும் உண்டு. 1782 டிசம்பர் 7ஆம் நாள், ஹிஜ்ரி 1197 முஹர்ரம் பிறந்த வேளையில், நவாப் ஹைதர் அலீ சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் ராஜபிளவை நோயால் மௌத்தானார். மைந்தர் திப்புவோ மேற்குக் கரையில் பொன்னானிப் பக்கம் போரில் இருந்தார். செய்தி வெளிப்பட்டால் படை கலையும், உட்பகை தலைதூக்கும் என்று அஞ்சிய அமைச்சர்கள் பூர்ணய்யாவும் கிருஷ்ணராவும் அதனை மறைத்தார்கள். ஜனாஸா ஒரு பெட்டியில் வைக்கப்பெற்று, கஜானாப் பெட்டி போலக் காவலோடு கோலாருக்கு அனுப்பப்பட்டது. கட்டளைகள் ஹைதரின் பெயராலேயே பிறந்தன. நோயாளி உள்ளே இருப்பது போல மூடுபல்லக்கு ஒன்று படையோடு நகர்ந்தது. அவர் அஞ்சியதும் வீணன்று. திப்புவின் இளவலை அரியணை ஏற்ற ஒரு சதி அந்நாள்களிலேயே முளைத்தது, முளையிலேயே கிள்ளப்பட்டது.

ஆயினும் மறைத்தவர்களால் சுவடுகளை மறைக்க இயலவில்லை. பொன்னானியில் தங்களை நெருக்கிக்கொண்டிருந்த திப்பு, டிசம்பர் நடுவில் திடீரென்று முற்றுகையைக் கைவிட்டுக் கிழக்கு நோக்கி விரைவதை ஆங்கிலேயர் கண்டார்கள். காரணம் அப்போது அவர்களுக்கு விளங்கவில்லை. வெல்லும் நிலையில் உள்ள ஒருவர் களத்தை விட்டு விரைகிறார் என்றால், களத்தைவிடப் பெரியதொன்று வேறெங்கோ நிகழ்ந்திருக்கிறது. பாசறையில் கிசுகிசுக்கப்பட்ட மரணமும் கரையில் கண்ட இந்த அசைவும் ஒன்றையொன்று அறியாத இரு சாட்சிகள். இரண்டையும் தேதியோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவனுக்கு உண்மை புலப்படும்.

செய்தி சென்னைக்கும் கசிந்தது. உடனே படை நடத்துக என்று கவர்னர் மாக்கார்ட்னி பிரபு வற்புறுத்தினார். தளபதி ஜெனரல் ஸ்டூவர்ட்டோ அந்த மரணத்தை நம்பாதவர் போல நடந்துகொண்டார். மெய்யாகவே இருந்தாலும் படை உரிய காலத்தில்தான் ஆயத்தமாகும் என்றார். வாரங்கள் கழிந்தன. திப்பு வந்து சேர்ந்து பொறுப்பேற்றுக்கொண்டார். ஐயம் என்பது ஆராய்ச்சியின் வாசலாகவும் இருக்கலாம், சோம்பலின் போர்வையாகவும் இருக்கலாம் என்பதற்கு ஸ்டூவர்ட் ஒரு சான்று. எல்லாவற்றையும் நம்புகிறவனும் ஒன்றையும் நம்பாதவனும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். இருவருமே விசாரிப்பதில்லை.

விசாரிக்கத் தெரிந்தவர்களும் அக்காலத்தில் இருந்தனர். அவர்களுள் இருவர் பின்னர் தருமபுரி மண்ணோடு தொடர்புடையவராயினர். காப்டன் அலெக்சாண்டர் ரீடு கும்பெனியின் செய்தி திரட்டும் பணியை நடத்தியவர். அவருக்கு 1788 முதல் உதவியாளராக இருந்தவர் தாமஸ் மன்றோ. 1792 மார்ச் உடன்படிக்கையால் பாராமகால் கும்பெனியின் கைக்கு வந்ததும், அதனை நிர்வகிக்க அனுப்பப்பட்டவர்களும் இவர்களே. மன்றோ தருமபுரியில் வீடும் தோட்டமும் அமைத்து வாழ்ந்து, அவ்வூரைத் தம் கடிதங்களில் அன்போடு நினைத்தார். போர்ச் செய்தியை எடைபோட்டுப் பழகியவர்களுக்கு நில வருவாய் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டது தற்செயலாகத் தோன்றவில்லை. படை நகர வேண்டுமானால் முன்னதாகத் தானியம் நகர வேண்டும். பொதிமாடுகள் நகர வேண்டும். சந்தையில் விலை அசைய வேண்டும். அரசர் எத்தனை இரகசியம் காத்தாலும் சந்தை அறிந்துவிடும். கம்பு, கேழ்வரகு விலையைக் கேட்டறியும் காதும், ஹர்க்காரா கொண்டுவரும் சேதியை நிறுத்துப் பார்க்கும் மனமும் ஒரே பயிற்சியின் இரு கைகள்.

இந்தப் பயிற்சி நம் சமுதாயத்துக்குப் புதியதன்று. ஹதீஸ் கலை வல்லார் ஒரு செய்தியைக் கேட்டவுடன் அதன் அழகில் மயங்கியதில்லை. யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தவரா, சந்தித்ததுண்டா, அவருடைய நினைவாற்றல் எத்தகையது என்று கண்ணி கண்ணியாகச் சோதித்தார்கள். இமாம் புகாரி அவர்கள், அறிவிப்பவரும் அவர் யாரிடமிருந்து அறிவிக்கிறாரோ அவரும் ஒரே காலத்தில் வாழ்ந்திருந்தால் மட்டும் போதாது, சந்தித்தமையும் உறுதிப்பட வேண்டும் என்னும் கடுமையைக் கைக்கொண்டார்கள். சங்கிலி தரமானதாக இருந்தாலும் செய்தியின் உள்ளடக்கத்தையும் தனியே ஆராய்ந்தார்கள். அந்த மரபில் வந்த நாம், கைபேசியில் வந்து விழும் போர்க் காட்சியைக் கண்ணிமைக்கும் நேரத்தில் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோமே, இது முறையா?

2025 மே மாதத்தில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் மோதல் மூண்ட நாள்களை எண்ணிப் பார்ப்போம். கராச்சித் துறைமுகம் அழிக்கப்பட்டது என்று தொலைக்காட்சிகள் சிலவும் முழங்கின. அப்படியொன்றும் நிகழவில்லை. அதற்குச் சான்றாகப் பரப்பப்பட்ட தீக்காட்சிகளில் ஒன்று, அவ்வாண்டு ஜனவரி இறுதியில் அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில் நிகழ்ந்த விமான விபத்தின் காட்சி. கணினி விளையாட்டுகளின் காட்சிகள்கூட வான்போராக உலவின. அவற்றைப் பொய்யென்று கண்டவர்கள் இரகசிய உளவாளிகள் அல்லர். அதே படம் இதற்கு முன் எங்கே, எந்தத் தேதியில் வெளியாயிற்று என்று தேடினார்கள். கடைப் பலகையில் என்ன மொழி, சாலையோரத்தில் என்ன மரம், நிழல் எப்பக்கம் சாய்கிறது என்று பார்த்தார்கள். 2014 ஜூலை 17ஆம் நாள் உக்ரைன் வானில் 298 உயிர்களோடு பயணிகள் விமானம் ஒன்று வீழ்த்தப்பட்டபோதும், ஏவுகணை வண்டி வந்த வழியைக் கண்டறிய உதவியவை, சாலையில் சென்றவர்கள் எடுத்த படங்களே. படத்திலிருந்த கட்டடங்களையும் பெயர்ப்பலகைகளையும் வரைபடத்தோடு ஒப்பிட்டு, ஊரையும் நேரத்தையும் குறித்தார்கள். ஔவையார் கொட்டிலில் செய்ததும் இதுதான்.

பொய்ச் செய்தி போர்க்களத்தோடு நிற்பதில்லை. எங்கோ ஓர் ஊரில் எடுத்த பழைய படம் நம் தெருவுக்கு வருகிறது. இரு வீட்டாரிடையே இருந்த பேச்சு நின்றுவிடுகிறது. வளைகுடாவில் பிழைக்கும் மகனை எண்ணி ஒரு தாய் இரவெல்லாம் விழித்திருக்கிறாள். அனுப்பியவர் மறுநாள் மறந்துவிடுகிறார். தவறென்று தெரிந்தபின் திருத்தம் அனுப்புவோர் அரிது. ஒரு சொல்லால் பிறர் அடையும் துன்பத்துக்கு அதைச் சொன்னவர் மட்டுமன்றிச் சுமந்து வந்தவரும் பொறுப்பாளியே.

ஆகவே வாசகர்கள் ஒரு பழக்கத்தை மேற்கொள்ளலாம். போர்ச் செய்தி வந்தால் கண்டவர் யார், எந்த இடத்தில், எந்த நாளில் என்று கேட்போம். முதலாவது சாட்சியை அறியாத இரண்டாவது சாட்சி உண்டா என்று தேடுவோம். அந்தச் செய்தி நமக்குப் பிடித்ததாக இருந்தால் இன்னும் ஒருமுறை கூடுதலாகக் கேட்போம். தொப்பூரில் மெடோஸின் படை ஏமாந்தது அங்கேதான். விடை கிடைக்கும்வரை, பொறுத்திருப்பதில் யாருக்கும் நட்டமில்லை.