பட்டாளத்து பூட்ஸும் பதனிட்ட கைகளும்

மும்பைச் சோர் பஜாரில் பழைய பட்டாளத்து பூட்ஸைத் தேடி வாங்கி அணிவோர் சிலர் உண்டு. அவர்களுள் நானும் ஒருவன். கையில் எடுத்ததும் முத்திரையைத்தான் பார்ப்போம். அகன்ற அம்புக் குறி இருந்தால் அது அரசாங்கத்து உடைமை. அதனுடன் ‘ஐ’ என்னும் ஆங்கில எழுத்தும் இருந்தால் இந்திய அரசாங்கத்துக்கு உரியது. சில ஜோடிகளில் அளவும் ஆண்டும் தெரியும். தோலைப் பதனிட்டவர் யார் என்பதை மட்டும் எந்த முத்திரையும் சொல்வதில்லை. அதைச் சரித்திரத்தில்தான் தேட வேண்டும்.

சென்னை, பம்பாய் மாகாணங்களில் மாட்டுத் தோலை ஆவாரம் பட்டை ஊறிய நீரில் பதனிடுவர். வெயிலில் சிவந்து போகாதிருக்க, முடிவில் கடுக்காய் நீரில் தோய்ப்பர். இத்தோல் ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்ற பெயருடன் லண்டன் சந்தைக்குச் சென்றது. 1914-இல் முதல் உலக மகாயுத்தம் மூண்டது. போர்வீரரின் பூட்ஸுக்கு மேல்தோலாக இது ஏற்றதென்று கண்ட அரசாங்கம், 1916-இல் இவ்வாணிபத்தையே தன் கட்டுப்பாட்டில் கொண்டது. ஐரோப்பியச் சேற்றில் நடந்த கால்களைக் காத்ததில் நம் கரிசல்காட்டு ஆவாரைக்கும் பங்குண்டு.

பம்பாயில் இத்தொழிலுக்கு இடமளித்தது தாராவி. கோலி மீனவர் வாழ்ந்த அச்சதுப்பு நிலத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோல் கிடங்குகள் எழுந்தன. அவற்றை நடத்தியோரில் தமிழ் முஸ்லிம் வணிகர் பலர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஆதிதிராவிடர் அங்கே உழைத்தனர். சுண்ணாம்பில் ஊறிய தோலின் மயிர் களைவதும், ஒட்டிய சதையைச் சுரண்டுவதும், பட்டை நீரில் புரட்டுவதும் கிடங்கு வேலைகள். தோல் தொட்டவர் என்று ஊரில் ஒதுக்கப்பட்டவர்கள், நகரத்திலும் ஓரத்திலேயே குடியமர்ந்தனர். மாதுங்காவில் நான் வளர்ந்த வீட்டிலிருந்து தாராவி நடை தூரந்தான். ஆயினும், இருபது வயது வரை நான் அங்கே சென்றதில்லை. இரு பக்கமும் தமிழே பேசினோம், பேசிக்கொள்ளவில்லை.

இரண்டாம் உலக மகாயுத்தம் 1945-இல் முடிந்தபின், எஞ்சிய ராணுவச் சாமான்கள் விற்பனைக்கு வந்தன. ‘மிலிட்டரி டிஸ்போசல்’ என்பது தமிழர் நாவிலும் பழகிய சொல்லாயிற்று. 1971-இல் செம்பூரை அடுத்த தேவனாரில் புதிய இறைச்சிக் கூடம் திறக்கப்பட்டது. தோல் பதனிடும் தொழிலும் தாராவியை விட்டு அத்திசையில் நகர்ந்தது. பையும் இடுப்பு வாரும் தைக்கும் தொழில் தாராவியிலேயே நிலைத்தது.

சென்ற ஆண்டு என் பூட்ஸின் அடித்தோல் பிரிந்தது. தாராவியில் ஒரு முதியவரிடம் கொண்டுபோனேன். மேல்தோலை விரலால் மடித்துப் பார்த்தார். தோலுக்கு ஒரு குறையும் இல்லை, நூல்தான் இற்றுவிட்டது என்றார். தாம் பிறந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம் என்றும், தம் தகப்பனார் தோல் கிடங்கில் வேலை செய்தவர் என்றும் தைத்துக்கொண்டே சொன்னார். முத்திரைகளை மட்டும் படித்துவந்த எனக்கு அன்றுதான் வெட்கமாயிருந்தது.

நேயர்களில் எவரேனும் இத்தகைய பூட்ஸ் வாங்கினால், பழுது பார்க்கத் தாராவிக்கே செல்லுங்கள். வேலை முடியும் வரை அங்கேயே உட்கார்ந்திருங்கள்.