ஒரு விற்பனைக்கூடத்தின் கோப்புகள்

ஓவிய வரலாறு பெரும்பாலும் ஓவியங்களையும் ஓவியர்களையுமே ஆதாரமாகக் கொண்டு எழுதப்பட்டு வந்துள்ளது. அவற்றை விற்றவரின் கணக்கேடு அங்கு இடம்பெறுவது அரிது. வர்த்தகம் கலைக்கு இழுக்கு என்ற எண்ணமே இதற்குக் காரணம் போலும். ஆயினும், நியூயோர்க்கில் எடித் ஹால்பேர்ட் நடத்திய டவுன்டவுன் கலரி என்னும் சிறு ஓவியக்கூடத்தின் பதிவுகளை நோக்குமிடத்து, அமெரிக்க நவீன ஓவியம் எவருடைய பணத்தில், எத்தகைய எதிர்ப்புகளுக்கிடையில் வளர்ந்தது என்பதைக் கணக்கேடுகளே தெளிவாகக் கூறுகின்றன எனலாம்.

1900இல் ஒடெசாவிற் பிறந்த யூதப் பெண்ணான எடித், 1906இல் தாயுடன் நியூயோர்க் வந்தவர். இளமையில் ஓவியம் பயின்ற அவர், பின்னர் பெருங்கடைகளிலும் நிதி நிறுவனமொன்றிலும் பணியாற்றி வர்த்தக நுணுக்கங்களைக் கற்றார். 1926இல் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் ஓவியக்கூடத்தைத் தொடங்கினார். செல்வர்கள் ஐரோப்பிய ஓவியங்களையே நாடிய அக்காலத்தில், உயிரோடிருந்த அமெரிக்க ஓவியரின் படைப்புகளை விற்பது துணிகரமான செயலாகும். நடுத்தர வருமானத்தினரும் வாங்கத்தக்கதாகத் தவணை முறையிலும் அவர் விற்றார். ஸ்டுவாட் டேவிஸ், சார்ள்ஸ் ஷீலர், யசுவோ குனியோஷி, பென் ஷான் முதலியோர் அவருடைய ஓவியர்களாயினர்.

1929இன் பொருளாதார வீழ்ச்சியின் பின்னர் இக்கூடம் எவ்வாறு நிலைத்தது? 1931இல் ஹால்பேர்ட் நாட்டார் கலைப்பொருட்களுக்கெனத் தனிப்பிரிவொன்றைத் தொடங்கினார். காற்றுத்திசை காட்டிகள், கடைப் பெயர்ப்பலகைகள், ஊரூராகச் சென்று வரைந்தோரின் உருவப்படங்கள் என்பன அங்கு விற்கப்பட்டன. அபி ஓல்ட்றிச் றொக்பெல்லர் இவற்றைப் பெருமளவில் வாங்கினார். அந்த இலாபமே நவீன ஓவியரைத் தாங்கியது. பெயரறியப்படாத கைவினைஞரின் உழைப்பு, ஒரு நூற்றாண்டு கழித்து வேறு கலைஞரின் உணவாயிற்று என்பதைக் கணக்கேடன்றி வேறெதுவும் இத்துணை வெளிப்படையாகக் காட்டாது.

1941ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் விரிவாக நோக்கத்தக்கவை. தென் மாநிலங்களின் கறுப்பின மக்கள் முதலாம் உலகப் போர்க் காலந் தொட்டு வட நகரங்களை நோக்கிப் பெயர்ந்த வரலாற்றை, ஜேக்கப் லோறன்ஸ் என்னும் இளைஞர் அறுபது சிறு பலகைகளில் தீட்டியிருந்தார். அறிஞர் அலெய்ன் லொக் அவரை ஹால்பேர்ட்டுக்கு அறிமுகப்படுத்தினார். அவ்வாண்டு நவம்பரில் ‘போர்ச்சூன்’ சஞ்சிகை இவற்றுள் இருபத்தாறு பலகைகளை வெளியிட்டது. கறுப்பின ஓவியரின் படைப்புகளைக் கொண்ட பெருங்காட்சியொன்றையும் ஹால்பேர்ட் ஒழுங்கு செய்தார். ஏனைய விற்பனையாளர் ஒவ்வொருவரும் கறுப்பின ஓவியர் ஒருவரையேனும் தம் கூடத்தில் நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவரது திட்டமாயிருந்தது. டிசம்பர் 7இல் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது. காட்சி 9ஆந் திகதி திறக்கப்பட்டது. போரின் ஆரவாரத்தில் ஏனையோர் பின்வாங்கினர். ஹால்பேர்ட் மட்டும் லோறன்ஸைத் தம்முடன் சேர்த்துக்கொண்டார். அப்போது லோறன்ஸுக்கு வயது 24. அவர் தம் மனைவியுடன் நியூ ஓர்லியன்ஸில் இருந்தமையால், பெரிய வாய்ப்பு கடிதங்கள் மூலமாகவே அவரை எட்டியது. 1942இல் ஒற்றை எண் பலகைகளை வாஷிங்டனின் பிலிப்ஸ் சேகரிப்பும், இரட்டை எண் பலகைகளை நியூயோர்க் நவீன கலை அரும்பொருளகமும் பெற்றன. தொடராக வாசிக்க வேண்டிய ஒரு வரலாறு இவ்வாறு ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரிந்தது விசனத்துக்குரியதே. ஆனால், இரு நிறுவனங்களும் கேட்ட நிலையில், பலகைகள் தனித்தனியே அறுபது வீடுகளுக்குச் சிதறாமற் போனதும் இதனாலேயே.

விற்பனைப் பதிவுகளை அவ்வாறே நம்பிவிடவும் இயலாது. மறக்கப்பட்டிருந்த வில்லியம் ஹார்நெட் (1848–1892) என்னும் ஓவியரை 1930களில் மீண்டும் புகழ்பெறச் செய்தவர் ஹால்பேர்ட்டே. அரும்பொருளகங்கள் ஹார்நெட்டின் ஓவியங்களை விரும்பி வாங்கின. அவற்றுட் பல, ஜோன் பீற்றோ என்ற வறிய ஓவியரின் கைவண்ணமென அல்பிரட் பிராங்கன்ஸ்டைன் என்னும் விமர்சகர் 1949இல் நிறுவினார். ஹார்நெட்டின் போலிக் கையொப்பம் பின்னரே இடப்பட்டிருந்தது. ஓவியங்களிற் கண்ட அதே பழம்பொருட்கள் பீற்றோ வாழ்ந்த வீட்டிலேயே இருந்தன. ஹால்பேர்ட் நன்னம்பிக்கையுடனேயே விற்றார். எனினும், கோப்பிலுள்ள பெயர் ஓவியரின் பெயராகவே இருக்க வேண்டியதில்லை என்பதை ஆய்வாளர் மனங்கொள்ளல் வேண்டும்.

ஹால்பேர்ட் 1970இல் காலமானார். அவர் தமக்கெனச் சேர்த்து வைத்திருந்த ஓவியங்கள் 1973இல் ஏலத்தில் விற்கப்பட்டுப் பலரிடம் சென்றன. கடிதங்களும் கணக்கேடுகளும் காட்சிப் பட்டியல்களும் ஒளிப்படங்களும், அடுக்கினால் நூறு அடிக்கு மேல் நீளும் தொகுதியாக, ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்கக் கலைச் சுவடிகள் காப்பகத்தில் ஒன்றாகவே உள்ளன. எந்த ஓவியம் எவர் கைக்கு, என்ன விலைக்குச் சென்றது என்பதை அறிய விழைவோர் இன்று அப்பெட்டிகளையே திறக்கின்றனர்.