அத்தோ வந்த வழி

ஃப்ரீமான்ட் பக்கத்துப் பர்மிய உணவகங்களில் ‘தோக்’ என்று முடியும் பெயர்களைப் பார்த்தால் எனக்குச் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தருகே விற்கும் அத்தோதான் நினைவுக்கு வரும். இரண்டும் ஒரே சொல். பிசைந்தது, கலந்தது என்று பொருள். எதைக் கலந்தது என்று சென்னை கேட்டுக்கொள்ளவில்லை. அங்கே அத்தோ என்றால் நூடுல்ஸ், அவ்வளவுதான்.

அந்தச் சொல் கப்பலேறிய கதை கசப்பானது. 1962இல் ஜெனரல் நே வின் பர்மாவில் ஆட்சியைப் பிடித்தார். 1963இல் வங்கிகளும் 1964இல் கடைகளும் அரசுடைமையாயின. அதே 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. ரங்கூனில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழர்கள் பலர் கிட்டத்தட்ட வெறுங்கையோடு சென்னையில் வந்து இறங்கினார்கள். 1969இல் பர்மா பஜார் உருவானது.

வெளிநாட்டுச் சாமான் வாங்கத்தான் ஊர் அங்கே போனது, சாப்பிட்டுவிட்டுத் திரும்பியது. நூடுல்ஸோடு முட்டைக்கோஸ், புளிக்கரைசல், பொரித்த வெங்காயம், மிளகாய்த்தூள், நொறுக்கிய பேஜோ. கூடவே வாழைத்தண்டு சூப். பர்மாவில் மொஹிங்கா என்பது வாழைத்தண்டு வெந்த மீன்சாற்றில் அரிசி நூடுல்ஸ். சென்னைத் தெருவில் மீன் உதிர்ந்து, தண்டு தங்கிவிட்டது. சென்னையின் சுவை பற்றி எழுதுகிறவர்கள் இட்லியோடும் ஃபில்டர் காபியோடும் நிறுத்திக்கொள்வதில் எனக்கு வருத்தம் உண்டு. மொஹிங்கா பர்மியர்களுக்குக் காலை உணவு. நம் ஊரிலோ சாயங்காலம்தான் தள்ளுவண்டியில் அடுப்பைப் பற்றவைக்கிறார்கள்.